ராத்திரி வராத வயல்

குஞ்சம்மாள் தன் வாழ்நாளில் செய்த ஒரே அரசாங்க வேலை, தெருவிளக்குக்கு சுவிட்ச் போடுவது. சம்பளம் கிடையாது. தொண்டூர் பஸ் நிறுத்தத்துக்கும் ஊருக்கும் நடுவே, அவளுடைய அரை ஏக்கர் வயலை ஒட்டி நிற்கிறது அந்தப் பெரிய விளக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுவாள், காலை ஆறு மணிக்கு அணைப்பாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தவள்.

காரணம் மகள் வெண்மதி. செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. போன வருஷம் ஏழு மணி பஸ்ஸில் இறங்கி இருட்டில் வந்தவளைக் குடிகாரர்கள் இரண்டு பேர் பைக்கில் துரத்தினார்கள். ஓடி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அதே பஸ்ஸில் வரும் ஏழெட்டுப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு குஞ்சம்மாள் ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்தாள். சித்திரையில் விளக்கு வந்தது. புருஷன் இல்லாத பொம்பளை சாதித்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. அவளுக்கும் கொஞ்சம் பெருமைதான், இருந்தால் என்ன?

இப்போது கார்த்திகை பாதி ஓடிவிட்டது. வயலின் அந்தக் கோடியில் மாப்பிள்ளைச் சம்பா கதிர் விட்டுவிட்டது. விளக்குப் பக்கம் முக்கால்வாசி வயல் பச்சைப் பசேலென்று நிற்கிறது, கதிரைக் காணோம். ஒரே நாற்று, ஒரே நாள் நடவு. ஒரு தூர் பயிரைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வருஷச் சாப்பாடே அந்த நெல்தான். காலண்டரில் நாளை எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள், கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏரித் தண்ணீர் வேறு இறங்கிக்கொண்டே போனது. கண்ணு பட்டிருக்கும் என்றார்கள். பூசணிக்காய் உடைத்தாள். பூசணிக்காய் உடைந்ததுதான் மிச்சம்.

பயம் தாங்காமல் ஒரு தூரைப் பையில் போட்டுக்கொண்டு செஞ்சி வேளாண்மை ஆபீஸுக்குப் போனாள். அதிகாரி சுமலதா தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயல் பக்கத்துல லைட்டு ஏதாவது இருக்குதாம்மா?"

"இருக்குது மேடம். நான்தான் போட்டு அணைக்கிறேன்."

"அதான். இந்த நெல்லு நம்ம காலண்டரப் பாக்காதும்மா. ராத்திரி எவ்ளோ நீளம்னு அதுவே பாத்துக்கும். ராத்திரி நீண்டாதான் கதிர் விடும். உங்க லைட்டுல அதுக்கு ராத்திரியே வரல. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் எரிஞ்சாக்கூட ராத்திரி சுருங்கிடும். இப்ப அணைச்சீங்கன்னா ஒரு மாசத்துல கதிர் வந்துடும்."

தன் கையாலேயே தன் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டோமே என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் சொன்னாள்.

"அணைச்சுடும்மா. ஒரு மாசம்தான?" என்றாள் வெண்மதி.

"உனக்கு நான் டார்ச் அடிச்சிக்கினு வந்துடுவேன். மத்த பொண்ணுங்களுக்கு? கையெழுத்து வாங்கனது நானாச்சே."

அன்றைக்கும் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை. லைன்மேனுக்குப் போன் செய்தால் காலையில்தான் வருவேன் என்றார். ஏழாயிற்று, ஏழரை ஆயிற்று, பஸ் வரவில்லை. வயலைப் பார்க்கத் தோன்றவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டு கம்பத்தடியில் நின்றாள். தூரத்தில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் ஒரு பைக், ஹெட்லைட் போடாமல், அந்தப் பக்கம் போனது. குஞ்சம்மாள் ஓடினாள்.

செல்போன் வெளிச்சத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பைக் அவர்களை இரண்டு தரம் சுற்றிவிட்டுப் போயிருந்தது. டியூஷன் முடித்து வரும் ஒன்பதாவது படிக்கிற பெண் வெண்மதியின் கையை விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கம்பத்தடிக்கு வந்ததும் வெண்மதி கைப்பையிலிருந்து விளக்கின் ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். "காலையில நான்தாம்மா புடுங்கினேன். இவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒரு மாசம் கூட்டமா நடந்து வந்துட்டா..."

குஞ்சம்மாள் அவளை முடிக்க விடவில்லை. கட்டையைப் பிடுங்கினாள். சுவிட்சை அணைத்து, கட்டையைச் செருகி, மறுபடி சுவிட்சைப் போட்டாள். எல்லார் முகமும் தெரிந்தது.

"நெல்லுக்குத்தான்டி ராத்திரி வேணும். உங்களுக்கு வேணாம். போங்க வீட்டுக்கு."

விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். விளக்கு எரிகிறவரை இனிக் கதிர் விடாத பயிரை மாட்டுத் தீவனத்துக்காக அறுத்துக் கட்டுக் கட்டாகப் போட்டாள். மத்தியானம் வரைக்கும் அறுத்தாள், அழுதுகொண்டேதான் அறுத்தாள்.