சிசிலி அக்கா மெழுகுதிரி கொளுத்திய கோபுரம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வின்ரர் குளிரில் கோட்டையின் வெளிக் கழிவறைகளை ஒருநாளும் கழுவவில்லை. நான் பஸ்ஸால் இறங்கி மேலே ஏறிவர முன்னமே சிசிலி அக்கா கழுவி முடித்திருப்பார். ஹீற்றர் உள்ள ரிக்கற் அறைதான் எனக்கு மிச்சம் இருக்கும். ஏனக்கா என்று கேட்டால், "நித்திரை வரேல்லை பிள்ளை, வெள்ளண வந்திட்டன்" என்பார்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, முந்திரிகைக் கொடித் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது அந்தக் கோட்டை. எந்தக் காலத்திலோ ஒரு பிரபு கட்டினதாம். குடியானவர்கள் கலகம் செய்து எரித்தார்களாம். இப்போது கூரையில்லாத சுவர்களும் ஒரு கோபுரமும்தான் மிச்சம். கோடையில் சனம் வரும். மற்ற நாளில் காகமும் நாங்களும்.

அக்காவின் மனுசன் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத ஆளுக்கு எங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவது? அக்கா கோபுரத்தடியில், ஜாம் போத்தலுக்குள் கொளுத்திவைத்துச் செபமாலை சொல்வார். கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர் அந்தக் கோபுரத்தைப் 'பெர்க்பிறீட்' என்பார். எங்கள் காதுக்கு அது 'பிறீட்ஹோவ்', அதாவது சேமக்காலை, கல்லறைகள் உள்ள இடம். கோட்டைச் சனத்தைத் தாட்ட இடம் என்றே இருவரும் நம்பியிருந்தோம். அந்தப் பக்கம் போனால் நான் சத்தமாய்க் கதைக்கவும் மாட்டேன்.

ஒருநாள் அந்தச் சுற்றிக் காட்டுகிறவர் மெழுகுதிரியைக் கண்டு, யாருக்கு என்று கேட்டார். அக்கா சொல்ல, அவர் அன்பாகத்தான் சிரித்தார். இங்கே ஒருவரையும் புதைக்கவில்லை, எதிரி உள்ளே வந்துவிட்டால் கடைசியாய் ஏறி ஒளிக்கிற கோபுரம் இது என்றார்.

"பகிடியைப் பாத்தியே பிள்ளை," என்றார் அக்கா என்னிடம். "இவ்வளவு காலமும் வெறுங்கல்லுக்கு முன்னால அழுதிருக்கிறன்."

"ஆருக்கு அழுதனீங்கள் எண்டு ஆண்டவருக்குத் தெரியுமக்கா."

"அவருக்குத் தெரியும். என்ர மனுசனுக்குத் தெரியுமோ?"

அதன்பிறகு போத்தல் வெறுமையாய்க் கிடந்தது. அக்கா கூட்டுவார், கழுவுவார், கோபுரப் பக்கம் திரும்பமாட்டார். மத்தியானத்தில் பாணைப் பிய்த்துச் சாப்பிடாமல் கையில் வைத்தபடி மதிலோடு இருப்பார். பக்கத்தில் நான் இருந்தும் அவர் தனியாகத்தான் இருந்தார். செபத்தில் நினைப்பதைவிட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போன ஐப்பசியில், முழங்கால் ஏலாமல், ஹனோவரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். வழியனுப்பப் போன என் கையில், பஸ் தரிப்பில் வைத்து, அந்த ஜாம் போத்தலைத் தந்தார். உள்ளே புது மெழுகுதிரி இருந்தது.

"கோபுரத்தடியில வை பிள்ளை," என்றார். "செத்த ஆளுக்கெண்டில்லை. ஒளிச்சிருக்கிற மனுசன் எண்டால், இறங்கி வரேக்க படி தெரியவேணும்."