அப்பா பேசாமல் பார்த்த புலி

புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது காட்டில் இல்லை, சுரங்கத்தின் விளிம்பில். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். நெய்வேலியில் வீட்டுக்கு யார் வந்தாலும் மைன்ஸ் காட்டக் கூட்டிப்போவோம், வேறென்ன காட்டுவது? கீழே அப்பா வேலை பார்க்கும் ராட்சத பக்கெட் வீல் மிஷின் பல் பல்லாக மண்ணைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "யப்பா, இதுக்கு முன்னாடி புலியே பூனைதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மிஷினைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். புலியை யார் பார்த்தார்கள்?

அன்றிலிருந்து வீட்டில் நான் வேறு எதையும் பேசவில்லை. முதுமலையில் புலிகள் காப்பகம் இருக்கிறது, விடியற்காலையில் வனத்துறை வேன் காட்டுக்குள் கூட்டிப்போகும் என்பதையெல்லாம் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டரில் தேடி ஒரு நோட்டில் எழுதினேன். மானுக்கு ஒரு பக்கம், யானைக்கு இரண்டு, புலிக்கு எட்டு. என் தொல்லை தாங்காமல் அப்பா ஷிப்டு மாற்றிக்கொள்ள ஆள் பிடித்து, மே மாதம் லீவு போட்டார்.

நோட்டில் நானே எழுதி, நானே சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட விதி ஒன்று இருந்தது: சத்தம் போடக் கூடாது. அதுதான் பிரச்சினை. எங்கள் குவார்ட்டர்ஸில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அப்பா "சாம்பார்ல உப்பு கம்மி" என்றால் எதிர் பிளாக்கில் உப்பு டப்பாவைத் தேடுவார்கள். மிஷின் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய குரல். டவுன்ஷிப்பில் பாதி அப்பாக்கள் அப்படித்தான் பேசினார்கள் என்பதால், புலி விஷயம் வரும்வரை எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை.

அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் பஸ் மாறி பஸ் மாறி, மலை ஏறி இறங்கி, காட்டோரத்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தேன். "வேன்ல நீங்க ஒரு வார்த்தகூட பேசக் கூடாது. பேசுனா புலி ஓடிடும். சத்தியம் பண்ணுங்க."

"வாயே தொறக்க மாட்டேன்டி, போதுமா?" என்றார். அதைச் சொன்ன சத்தத்தில், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

மறுநாள் விடியற்காலையில் வேன் காட்டுக்குள் நுழைந்தது. நெய்வேலியிலும் மரங்கள் உண்டு, ஆனால் எல்லாம் வரிசையில் நிற்கும். இங்கே ஒரு மரமும் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டு முளைக்கவில்லை. பனியின் நடுவில் ஒரு காட்டெருமை, வெள்ளை சாக்ஸ் போட்டதுபோன்ற கால்களோடு, எங்களைக் கண்டுகொள்ளாமல் மென்றுகொண்டிருந்தது. புள்ளிமான்கள் நாற்பது தலையை ஒரே நேரத்தில் தூக்கின. எனக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. இருந்தும் முக்கால் மணி நேரம் போனது, புலி வரவில்லை.

"ஏனுங்க, ஜூவுக்குப் போயிருந்தா நாலு புலி பார்த்துட்டு இந்நேரம் இட்லியே தின்னுருக்கலாமுங்க" என்று முணுமுணுத்தார் முன் சீட்டிலிருந்த கோயம்புத்தூர்க்காரர்.

அப்போதுதான் இடதுபக்க மூங்கில் புதருக்குள்ளிருந்து 'டாங்க்' என்று ஒரு குரல். பின் சீட்டில் எங்களோடு வந்த வனத்துறை வாட்சர் அண்ணன் கையை உயர்த்தினார், வேன் நின்றது. "கடமான். புலியப் பார்த்தாத்தான் இப்படிக் கத்தும்" என்று கிசுகிசுத்தார். மறுபடி 'டாங்க்'. வேனே இடதுபக்கம் சாய்ந்தது. அம்மா, நான், எல்லோரும் மூங்கிலையே உற்றுப் பார்த்தோம்.

என் தோளில் ஒரு தட்டு. திரும்பினால், அப்பா மட்டும் வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சின் முன் குறுக்கே வைத்தார்: மைன்ஸில் 'அசையாதே' என்பதற்கான சைகை. பிறகு ஒரு விரல், மெதுவாக, வறண்ட ஓடையின் மேட்டை நோக்கி.

மேடு நகர்ந்தது. மண்ணின் நிறத்திலேயே ஒரு முதுகு, கோடுகள், தணிந்த தலை. ஒரு சருகுகூட நொறுங்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு அமைதியாக நடக்க முடியும்? பாதையைக் கடக்கும்போது ஒரே ஒரு தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமா சொன்னது தப்பு, சுத்தமாகத் தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

புலி மறைந்ததும் பின்னாலிருந்து வாட்சர் அண்ணன் கேட்டார்: "சத்தம் வந்த பக்கமே நாங்க எல்லாரும் பார்த்தோம். நீங்க மட்டும் எப்படி சார் இந்தப் பக்கம்?" அப்பா பேசவில்லை. திரும்பவும் கேட்டார். அப்பா ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணா, அவர் பேச மாட்டார். எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கார்!"

"எங்கூட்டுக்காரம்மாவுக்கு இந்த வித்தையச் சொல்லித் தராதீங்க பாப்பா" என்றார் கோயம்புத்தூர்க்காரர். வேனே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைத் தொட்டு, பின்னால் பார்க்கும்படி கண்ணைக் காட்டினாள்.

இறங்கியபின் வாட்சர் அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டபோது அப்பா காடு அதிரப் பதில் சொன்னார்: "மேட்டுல மண்ணு சரியுதான்னு பாத்துகினே இருக்கிறதுதான் தம்பி நம்ம வேல. ஒரு கல்லு அசைஞ்சாலும் கண்ணு தானா அங்க போயிடும்." அந்த அண்ணன் அப்பாவுக்குக் கை கொடுத்தார். புலியைத் தினமும் பார்க்கிறவர்!

திரும்பும் பஸ்ஸில் அடுத்த திட்டத்தை அறிவித்தேன். வரும் வருஷம் டாப்ஸ்லிப் காடு. அதற்குள் அப்பாவுக்குப் பத்து மிருகங்களின் குரலையாவது பழக்கிவிட வேண்டும். கண் இப்படி இருக்கும்போது காதும் சேர்ந்தால் எந்தப் புலி தப்பிக்கும்? நான் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவேன். அவர் திரும்பாமலே பெயர் சொல்ல வேண்டும்.

"மொதல்ல எனக்குச் சொல்லிக் குடு" என்றாள் அம்மா. "நான் அவருக்குச் சொல்லிக்கிறேன்."

அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்தேன். அப்பாவின் காது மங்கிக்கொண்டே வருவதை அவள் மட்டும் அறிந்திருந்தாள் என்பதும், அப்பா எங்கள் உதடுகளைப் படித்துத்தான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

ஊர் வந்த மறுநாள், ஷிப்டு முடிந்து வந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றேன். கடமானில் ஆரம்பிப்பதுதான் சுலபம் என்று முடிவுசெய்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டேன்.