ஐந்நூறு வாட்ஸும் ஒரு சந்தனப் பொட்டும்

என் மாமா கடைக்குப் போனால் கடைக்காரருக்கு அன்றைக்கு யோகம். பெட்டி மேல் எதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதோ அதை அப்படியே நம்பிவிடுவார். அம்மாவின் தம்பி, கொல்கத்தாவில் வேலை கிடைத்து, கிடர்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. பழைய கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓடவில்லை என்று நான் அழுததைப் பார்த்துவிட்டு, முதல் சம்பளத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டும், அதற்குத் தீனி போட ஒரு பவர் சப்ளையும் வாங்கி வந்தார். அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! விஜயதசமியன்று விளையாட வாருங்கள் என்று குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை. கிரேனில் பத்து டன் என்று எழுதுவதற்கு முன் பத்துக்கு மேலேயே தூக்க வைத்துப் பார்க்கிற ஆள். பவர் சப்ளையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் லேபிளில் அடியில் இருந்த பொடி எழுத்துக் கட்டங்களைப் படித்தார்.

“என்ன மாப்ள, கனமே இல்லியே?”

“புது டெக்னாலஜி அத்தான்! பாருங்க, ஐந்நூறு வாட்ஸ்!”

அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அஷ்டமி மாலை மாட்டினோம். கார் முதல் வளைவில் திரும்பியதும் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. மூன்று தடவையும் அதே வளைவு. “வோல்டேஜ் டிராப் அத்தான். ஊரு பூரா துர்கா பூஜைப் பந்தல் லைட்டுல்லா எரியுது” என்றார் மாமா. குரலில் சுரத்தே இல்லை. “அதேதான் மாப்ள” என்றார் அப்பா. மாமா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எனக்கோ, நாளை மறுநாள் வரப்போகிற பிள்ளைகளை நினைத்து அழுகை.

மறுநாள் ஆயுத பூஜை. பவர் சப்ளையைக் கழற்றிப் பூஜையில் வைத்த அப்பா, பொட்டு வைக்க என்னை விடவில்லை. தானே சந்தனத்தைக் குழைத்து, அந்தப் பொடி எழுத்தின் மேல் அடை மாதிரி அப்பினார்.

“அப்பா, நம்பர் மறையுது!”

“சாமிக்கு நம்பர் எதுக்கும்மா?”

சாயங்காலம் எல்லாரும் பந்தல் பார்க்கக் கிளம்பினோம். அப்பா மட்டும் முழங்கால் வலி என்று வீட்டில் தங்கிவிட்டார்.

தசமி காலையில் கம்ப்யூட்டர் மூடி திருகப்பட்டு, பூச்சூடித் தயாராக இருந்தது. வீடு கொள்ளாத பிள்ளைகள். கார் கிளம்பியது, வளைவு வந்தது. கார் திரும்பிப் பறந்தது! மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். “நான் சொல்லல? ஐந்நூறு வாட்ஸு மருமவளே!” நாங்கள் காக்கு என்று கூப்பிடுகிற கீழ்வீட்டு வங்காளிக்காரர் வாசலில் நின்று, பிரமாதம் என்பதை அவர் பாஷையில் “தாருண், தாருண்!” என்று சொல்லிக் கைதட்டினார். அவர் கம்ப்யூட்டருக்கு, ஐந்து நாள் கழித்து வருகிற லட்சுமி பூஜை முடிகிறவரை விடுமுறையாம்; சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். கம்ப்யூட்டருக்குக் கூடவா பூஜை லீவு விடுவார்கள் என்று நான் வியந்தேன். எங்களுடையது ஓடியதற்குக் காரணம் சரஸ்வதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது ஒரு நாள் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ளே இருந்தது நானூற்றைம்பது வாட்ஸ், நல்ல கனம். மாமா வாங்கியது பரண்மேல் கிடந்தது. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். கார்டுக்குக் கரண்ட் போகிற பன்னிரண்டு வோல்ட் கட்டத்தில் பதினான்கு ஆம்பியர். பெருக்கினால் நூற்றறுபத்தெட்டு வாட்ஸ். கார்டு ஒன்றே அதை முழுங்கிவிடும்.

“அப்பா, உள்ள ஓடிட்டிருந்தது காக்குவோடதா?”

“அவருக்கு அப்பவே புதுசு வாங்கிக் குடுத்துட்டேன். மாமாகிட்ட உளறி வைக்காத.”

மாமா இன்றும் ஆயுத பூஜைக்குப் போன் செய்து, “ஐந்நூறு வாட்ஸு எப்படி?” என்று கேட்பார். “சும்மா பறந்துச்சே மாமா!” என்பேன். பக்கத்தில் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அந்த நவமியன்று அவருக்கு முழங்கால் வலிக்கவே இல்லை என்று ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தோன்றவே இல்லை.