பழைய பெட்டியில் புது ஓஎஸ் ஏறாது

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் மெஷினைச் செய்தவன் கடல் தாண்டி இருப்பான், அந்த மெஷினை ஓட்டும் ஓஎஸ் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவன் அதற்கும் அப்பால் இருப்பான், திட்டு வாங்குவதற்கு மட்டும் நாம் புதுப்பட்டினம் மெயின் ரோட்டிலேயே இருப்போம்.

'அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, அணைத்துவிடாதீர்கள்' என்ற வாசகத்தின் முன்னால் அவசர வேலையை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எனக்கு உறவுதான். அதனால் மனம் விட்டுச் சொல்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "புது ஓஎஸ்ஸை இவ்ளோ குண்டாப் பண்றதே நம்ம தலையில புது மெஷினைக் கட்டத்தானே?" ஆரம்பத்தில் கம்பெனிக்காரன் சொல்வதையே நானும் ஒப்பித்தேன். பாதுகாப்பு, புது வசதி, அது, இது. இப்போது ஒப்பிப்பதில்லை. ஒரு ஸ்க்ரூகூடக் கழலாமல் நேற்றுவரை ஓடிய மெஷினைத் தகுதியில்லை என்று தள்ளினால் எனக்கும் வயிறு எரிகிறது. பழுது பார்க்கத்தான் நான் தொழில் கற்றேன். பழுதே இல்லாததை எப்படிப் பார்ப்பது?

தகுதியில்லாத பெட்டி

திருக்கழுக்குன்றம் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மெர்சி ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறாள். சாதிச் சான்றிதழ், பட்டா, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அங்கே போடலாம். அவளுடைய அப்பா வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி மெர்சியுடையது, முதல் கடையும் அவளுடையதுதான். கடைக்கு மெஷின் கட்டிக் கொடுத்தவன் நான். கறுப்புப் பெட்டி, சாதாரண அசெம்பிள் செட்.

அதில் விண்ணப்பம் போட்ட ஒரு பையன் வி.ஏ.ஓ. ஆனான். அடுத்து ஒரு பெண் போலீஸில் சேர்ந்தாள். போதாதா? மெஷினுக்கு ராசி வந்துவிட்டது. மதுராந்தகத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வர ஆரம்பித்தார்கள். கடைசிப் பட்டனை அழுத்துவதற்கு முன்பு பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். யாரோ அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். மெர்சி பக்கவாட்டில் மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். இரண்டும் சண்டை போடாமல் இருந்தன. எதிரே கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு பெரிய சென்டர் திறந்தார்கள். அப்போதும் மெர்சி கடையில் கூட்டம் குறையவில்லை என்றால் அந்தப் பெட்டிதான் காரணம்.

ஒரு நாள் போன் செய்தாள். பரீட்சை வெப்சைட் உள்ளே விடவில்லை. பிரவுசர் பழையதாம். பிரவுசரைப் புதுப்பிக்கப் போனால், ஓஎஸ் பழையதாம். ஓஎஸ்ஸைப் புதுப்பிக்கப் போனால், அது பெட்டியை மேலும் கீழும் சோதித்துவிட்டு, 'இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை' என்று சொல்லிவிட்டதாம். நான் நேரில் போய்ப் பார்த்தேன், நிஜம்தான். விண்ணப்பத்துக்கு ஆட்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். மெர்சி திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இதுல போட்டவங்கள்லாம் கவர்மென்ட் வேலைல கீறாங்க. இதுக்குத் தகுதி இல்லியாண்ணா?"

பட்டன் நகர்ந்த கதை

ஏழுமலை அண்ணாத்தவுக்குக் கடற்கரையில் இரண்டு போட்டுகள். மீன் ஏலக் கணக்கு, காற்று எப்படி அடிக்கும் என்ற படம், இரண்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதுவும் தகுதி பார்க்கும் சோதனையில் தோற்றது. புது மெஷின் வாங்கிவிடுங்கள் என்றேன். புதுசில் என்ன விசேஷம், காட்டு என்றார். கடையில் இருந்ததைப் போட்டுக் காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். ஓரத்தில் இருந்த பட்டன் நடுவுக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். வேறென்ன என்றார். உள்ளே நிறைய மாறியிருக்கிறது என்றேன். உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார். பாதுகாப்பு சிப் என்று ஆரம்பித்து, எனக்கே புரியாத இடத்தில் போய் மாட்டிக்கொண்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "போட்டுக்குப் பெயின்டு மாத்துனா என்ஜினையும் மாத்துன்றியே நைனா, நீ இன்னா சர்வீஸ் பண்ற?"

கல்பொடி

எல்லாப் பழியையும் ஓஎஸ் மேல் போடவும் முடியாது. எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று ஒன்று போதும். மெஷினுக்குள் இருக்கும் மெமரி கார்டின் காலெல்லாம் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துப் போட்டால் மறுபடி உயிர் வரும். என் கடையில் ஸ்க்ரூடிரைவருக்கு அடுத்தபடி அதிகம் தேய்கிற சாமான் ரப்பர்தான்.

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி, வெளியூர் ஆர்டருக்குப் படம் அனுப்ப ஒரு மெஷின் வைத்திருக்கிறார். அப்டேட் ஆனதிலிருந்து அடுப்பாகக் கொதிக்கிறது, ஆமையாக நகர்கிறது என்று கூப்பிட்டார். போனேன். ஒரு பக்கம் பிள்ளையாருக்குத் தும்பிக்கை செதுக்கிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் மிஷின் போட்டுக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். பெட்டியைத் திறந்தால் உள்ளே பாகங்களே தெரியவில்லை. ஃபேன், போர்டு எல்லாம் ஒரே வெள்ளை. ஊதுகிற மிஷினை வைத்து ஊதினேன், நானும் சிலை மாதிரி ஆகிவிட்டேன். துடைத்துப் போட்டதும் மெஷின் பழையபடி ஓடியது.

"பாத்தீங்களா, அப்டேட் இல்லை, கல்பொடி" என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார்: "கல்பொடி நான் பொறந்ததுலேர்ந்து கீது தம்பி. அப்டேட்டுதான் போன வாரம் வந்துது. தப்பு யாரு மேல, நீயே சொல்லு."

ராசி இல்லாத புதுசு

மெர்சியின் பெட்டியை விட்டுவிட எனக்கு மனசில்லை. இலவசமாகக் கிடைக்கிற வேறொரு ஓஎஸ் போட்டுப் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. ஆனால் கைரேகை வைக்கிற கருவி அதில் வேலை செய்யவில்லை. ரேகை வைக்க முடியாவிட்டால் அந்தக் கடையில் பாதி வேலை நின்றுவிடும். குறுக்குவழியில் புது ஓஎஸ்ஸையே ஏற்றினேன். அதுவும் ஏறியது, ஆனால் திரை வருவதற்குள் ஒருவர் டீ குடித்துவிட்டு, பேப்பர் படித்துவிட்டு, பொறுமை இழந்து எதிர்க்கடைக்குப் போய்விடலாம். போனார்கள்.

வேறு வழியில்லாமல் என் கடை டெமோ மெஷினைக் கொண்டுபோய் வைத்தேன். பளபளவென்று வெள்ளைப் பெட்டி. பழைய கறுப்புப் பெட்டி கீழே ஓரமாகப் போயிற்று. அன்று நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போட ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்தார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் வெள்ளைப் பெட்டியையும் அதற்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். பிறகு கீழே இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். மகள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். இது வேகமாகப் போகும் அக்கா என்று மெர்சி எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. மெர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அந்த வெள்ளைப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போடலாம் போலிருந்தது. அந்த அம்மா படியிறங்கும்போது சொன்னார்: "வேகம் எங்களுக்கு எதுக்கும்மா? இவ அப்பன் இல்லாத புள்ள. வேலை கெடைக்கணும். அந்தப் பொட்டி நல்லானா சொல்லியனுப்பு, வர்றோம்."

சாரின் வைராக்கியம்

அணுபுரத்தில், அணுசக்தி வேலையிலிருந்து ரிட்டையர் ஆன ஒரு சார் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அந்தக் காலத்தில் ஒரு அறை நிறைய மெஷினை வைத்துக்கொண்டு, இன்றைய ஒரு போட்டோவுக்குக்கூடப் போதாத மெமரியில் பெரிய பெரிய கணக்கெல்லாம் போட்டவர். இப்போது சும்மா நிற்கும் மெஷினே மெமரியில் பாதியைத் தின்கிறதே என்பது அவருடைய நிரந்தரத் துக்கம். தெருவில் பார்த்தால்கூட விசாரிப்புக்கு முன்னால் அதைத்தான் சொல்வார்.

மெயில் வரவில்லை, வந்து பார் என்று கூப்பிட்டார். போனேன். நெட் ஒயர் பின்னாலிருந்து பிடுங்கப்பட்டு, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது. யார் பிடுங்கியது என்றேன். தானே என்றார். ஒயர் இல்லாமல் மெயில் எப்படி சார் வரும் என்று கேட்டேன். யோசித்தார். படித்தவர், நியாயத்தை ஒப்புக்கொள்கிறவர். ஒயரைக் கையில் எடுத்தார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். "வேணாம் தம்பி, மெயில் வரலைன்னாலும் பரவாயில்லை. அப்டேட்டும் வராதில்லையா?"

மொத்த வியாபாரியின் ஆள்

எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் மெஷின் சப்ளை செய்கிற ஆள் செங்கல்பட்டிலிருந்து வருவான். என் வயதுதான். மச்சான் என்றுதான் கூப்பிடுவான், எந்த உறவில் என்று தெரியாது. என் விற்பனை படுத்துவிட்டதைப் பார்த்து அவனுக்கு வருத்தம். பழசையெல்லாம் தட்டிக்கொட்டி ஓடவைத்துக்கொண்டிருந்தால் எப்படி என்று கேட்டான்.

அன்றைக்கு எனக்கு மெர்சியின் நினைப்பு. நேராகவே கேட்டுவிட்டேன். உள்ளதைச் சொல், புதுசு விற்கத்தான் ஓஎஸ்ஸை இப்படி ஊத வைக்கிறார்களா? மறுப்பான், சண்டை போடலாம் என்று தயாராக நின்றேன். அவன் பன் பட்டர் ஜாமை டீயில் தோய்த்தபடி, என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தான். "எனுக்கு இன்னா தெரியும் மச்சான், மேல இன்னா பேசுறானுங்கன்னு? ஆனா அவன் ஊதலன்னா நீயும் நானும் நாஸ்தாவுக்கே சிங்கி அடிக்கணும், அது மட்டும் தெரியும்."

உள்ளே வெளியே

அவன் போன பிறகு ரொம்ப நேரம் யோசித்தேன். கம்பெனிக்குப் புது மெஷின் வேண்டும். ஜனங்களுக்குப் பழைய மெஷின் வேண்டும். நடுவில் மெர்சியின் கடை மூடுகிற நிலைமை. பெட்டியைத் திறக்காமல் யாருக்கும் உள்ளே இருப்பது தெரியப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் பெட்டி திறக்கிற தொழிலில் இருந்துவிட்டு இது தோன்ற இவ்வளவு நாள் ஆனதை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து மெர்சி வந்ததும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். புது போர்டு, புது பிராசஸர், புது மெமரி, புது டிஸ்க், எல்லாம் மெர்சி தவணையில் கட்டுகிற கணக்கு. பழைய கறுப்புப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் இறக்கினேன். மஞ்சள், குங்குமம், மாதா எதிலும் கை படவில்லை. ஆன் செய்ததும் சத்தமே இல்லாமல் திரை வந்தது. மெர்சிதான் முதலில் பயந்தாள். பழசு விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தது, இது ஊமையாக இருந்தால் வருகிறவர்கள் சந்தேகப்பட மாட்டார்களா? நியாயம். பழைய ஃபேனை மறுபடி மாட்டினேன். அதற்கு வேறு எந்த வேலையும் இல்லை, இரைவது மட்டும்தான்.

மெர்சி பெட்டியின் மேல் கையை வைத்தாள். "ராசி பொட்டில இருந்துதா, உள்ள இருந்துதாண்ணா? உள்ள இருந்திருந்தா, நாம அதத் தூக்கிப் போட்டுட்டோமே" என்றாள். கழற்றிய பழைய போர்டை ஒரு பாலித்தீன் கவரில் சுற்றி, பெட்டிக்குள்ளேயே அடியில் இருந்த காலி இடத்தில் வைத்து மூடினேன். அவள் முகம் தெளிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும்தான்.

சொல்லியனுப்பியதும் அந்த அம்மாவும் மகளும் வந்துவிட்டார்கள். விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். எதிர்க்கடைக்கும் போகாமல் காத்திருந்திருக்கிறார்கள். மகள் ரேகை வைத்தாள், போட்டோ ஏறியது, எங்கும் நிற்கவில்லை. பட்டனை அழுத்துவதற்கு முன் அவள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஃபேன் இரைந்தது. விண்ணப்பம் போய்விட்டது. மூலையில் நின்ற என்னை அந்த அம்மா அப்போதுதான் பார்த்தார். மெர்சி பக்கம் திரும்பி, என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார்: "இந்த அண்ணாத்த வெள்ளப் பொட்டியக் கொணாந்து வச்சிகினு, புதுசு வாங்கு, புதுசு வாங்குன்னு உன்னப் பேஜார் பண்ணிகினு இருந்தாரே, நல்ல காலம் நீ ஏமாறல. பழசு எப்படி ஓடுது பாத்தியா?"

புது மெஷின் விற்கத்தான் ஓஎஸ்ஸை ஊதவைக்கிறார்களா என்று இனி யார் கேட்டாலும், இருக்கலாம், ஆனால் எங்கள் பக்கத்தில் புதுசைப் பழைய பெட்டிக்குள் ஒளித்து வைத்து, திட்டும் வாங்கிக்கொண்டால்தான் விற்க முடிகிறது என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.