பூநாரையின் மேல் பழுப்புச் சாயம்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லிக் கேட்பதைவிட அதில் கொஞ்சம் கௌரவம் இருக்கிறது. அக்கா ஒரு தோல் பர்ஸில் பூநாரையைச் செதுக்கி, இளஞ்சிவப்பு வர்ணம் தீட்டிக் காயவைத்திருந்தாள். பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க வந்த ஒரு அம்மாள் கேட்டது. அக்காவுக்கு வந்த முதல் ஆர்டர். உதவுகிறேன் பேர்வழி என்று, தோலுக்கான பழுப்புச் சாயத்தைப் பறவையையும் சேர்த்துப் பூசிவிட்டேன். படகுக்குப் பெயின்ட் அடித்துப் பழகிய கை.

“இன்னாடா இது, காக்காவா?” என்றாள் அக்கா.

“சேத்துல எறங்கின பூநாரைக்கா.”

அவள் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மறுநாள் வந்துவிடுவார். கையில் இருந்ததோ இன்னும் ஒரே ஒரு பர்ஸுக்கான தோல். உட்கார்ந்து மறுபடி செதுக்கினாள், வர்ணம் தீட்டினாள். அது காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷை, வர்ணத்தின் மேல் மட்டும், ஓர் இறகுகூட விடாமல் பூசினாள். அதுவும் காய்ந்த பிறகு, நான் செய்தது போலவே சாயத்தைப் பறவையின் மேலேயே தடவினாள். தடுக்கக் கையை நீட்டினேன்; அவள் தட்டிவிட்டாள். ஈரம் காயுமுன் துணியால் மெல்லத் துடைத்தாள்.

பாலிஷ் மேல் ஒட்டாமல் பழுப்பு விலகி இளஞ்சிவப்பு எழுந்து வந்தது. செதுக்கிய கோடுகளில் மட்டும் சாயம் தங்கி, ஒவ்வோர் இறகும் தனித்தனியே நின்றது. நாள் தவறாமல் ஏரியில் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கிறவன் நான். ஒரு பறவைக்கு இத்தனை இறகா என்று அன்றுதான் வாயைப் பிளந்தேன்.

“அடுத்த ஆர்டருக்கு நான் சாயம் போடட்டுமாக்கா?”

“நீ நண்டு புடிக்கப் போ.”