கன்னம் சுரண்டும் உத்தியோகம்

முன்பின் தெரியாதவரிடம் போய் "வாயைத் திறங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் இரண்டே வகை: பல் டாக்டர்கள், அப்புறம் நாங்கள். பல் டாக்டரிடம் ஜனங்கள் தாங்களாகவே போய், காசும் கொடுத்து, வாயைத் திறக்கிறார்கள். நாங்கள் வெயிலில் தேடிப் போய்க் கெஞ்ச வேண்டும்.

தருமபுரி பக்கம் தக்காளிக்கும் பூவுக்கும் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் உடம்பில், செல் அளவில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி எங்களுடையது. கன்னத்தின் உட்புறத்தை ஒரு சின்ன பிரஷ்ஷால் தேய்த்தால் செல்கள் வந்துவிடும். வலிக்காது. அதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். ஒழுங்கான செல்லுக்குள் ஒரே ஒரு உட்கரு இருக்கும். மரபணு அடிபட்டிருந்தால் பக்கத்திலேயே ஒரு குட்டி உட்கருவும் நிற்கும். குட்டி இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் குட்டிகள் அதிகமாக இருந்தால், அந்த ஆள் கொஞ்சம் உஷாராக வேண்டும் என்று அர்த்தம்.

இந்த வேலையில் நான் சீனியர். எனக்குப் பிறகு சேர்ந்தவள் சுதா, பென்னாகரம் பக்கத்துப் பெண். உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். உங்களுக்குப் பின்னால் சேர்ந்து, உங்களிடமே வேலை கற்று, உங்களுக்கு முன்னால் போய் நிற்பவர். அப்படி ஒருவர் இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

சோறு ஊட்டும் குரல்

சுதா வந்த புதிதில் இண்டூர் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போனோம். அங்கே மருந்தடிப்பதில் கைதேர்ந்தவர் பச்சையம்மா என்ற அக்கா. வாய் நிறைய வெற்றிலை, புகையிலை. எங்கள் விதிப்படி முதலில் துப்ப வேண்டும், பிறகு வாயை நன்றாகக் கொப்புளிக்க வேண்டும், கொஞ்ச நேரம் எதையும் மெல்லக் கூடாது. நான் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். ஆராய்ச்சியின் நோக்கம், செல்லின் அமைப்பு, சமுதாயத்துக்கு அதனால் வரும் நன்மை. அக்கா மென்றுகொண்டே கேட்டார். நான் முடித்ததும் மடியிலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

சுதா போய் வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தக்காளி விலை கேட்டாள். மகள் எங்கே வாக்கப்பட்டிருக்கிறாள் என்று கேட்டாள். பிறகு "அக்கா, ஒரு வாயி தண்ணி ஊத்திக் கொப்புளிச்சிட்டு ஆ காட்டுங்க" என்றாள். அவ்வளவுதான். வெற்றிலை போன இடம் தெரியவில்லை. வாய் திறந்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏங்க்கா, நான் சொன்னப்போ தொறக்கலையே?" என்று கேட்டுவிட்டேன். அக்கா சொன்னார்: "நீ கேக்கறது போலீசு கேக்கற மாதிரி இருக்குது தம்பி. பாப்பா கேக்கறது சோறு ஊட்டற மாதிரி இருக்குது."

பாயி தெகீரி

ஒகேனக்கல் ரோட்டை ஒட்டி உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள். இங்கேயாவது சுதாவை முந்திவிட வேண்டும் என்று முடிவு செய்து, முந்தின நாள் முழுக்க போனில் கேட்டுக் கேட்டு இரண்டு வார்த்தை கன்னடம் பழகினேன். 'பாயி தெகீரி.' வாயைத் திறங்கள். பஸ்ஸில் போகும்போதும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் மஞ்சள் துண்டு போட்ட ஒரு பெரியவரைப் பிடித்து, சுதா வாயெடுப்பதற்குள் "பாயி தெகீரி" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை முந்தானையில் அடக்கினார். சுதா அந்த அம்மாவோடு சரளமாகக் கன்னடத்தில் கதை பேச ஆரம்பித்தாள். அவளுக்குக் கன்னடம் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். கிளம்பும்போது அவளுக்கு ஒரு சுரைக்காய். எனக்குப் பெரியவரின் புத்திமதி: "எதுக்கு தம்பி இவ்ளோ கஷ்டம்? தமிழ்லயே கேளு, தொறக்கறேன்."

மருந்து தொடாத மனிதர்

மருந்தடிக்கிறவர்களின் கன்னத்தை மட்டும் பார்த்தால் போதாது. மருந்தே தொடாதவர்களின் கன்னத்தோடு ஒப்பிட வேண்டும். அவர்களுக்கு எங்கள் பாஷையில் கன்ட்ரோல் என்று பெயர். அரூர் பக்கத்துக் கிராமங்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடும் பொறுப்பு என்னுடையது. பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தேன். லீவு நாளில் மாமனார் தோட்டத்துக்கு அவர்தான் மருந்தடிக்கிறாராம். டெய்லரைப் பிடித்தேன். கத்திரிக்காய் போட்டிருக்கிறார். தீர்த்தமலை அடிவாரத்தில் தேங்காய் பழம் விற்கிறவரைப் பிடித்தேன். அவர் காலையில் கடை, மாலையில் பக்கத்து வயலில் கூலிக்கு மருந்து. டீக்கடைக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "மருந்து தொடாத ஆளு வேணும்னா இனிமேத்தான் பொறக்கோணும் தம்பி."

வெறுங்கையோடு லேபுக்குத் திரும்பினேன். அங்கே சுதா பெட்டி நிறைய ஸ்லைடு அடுக்கிக்கொண்டிருந்தாள். தருமபுரி டவுனில் ஜவுளிக்கடைகளில் புடவை எடுத்துப்போடும் பெண்களைப் பார்த்திருக்கிறாள். ஊரிலேயே நிலம் இல்லாத குடும்பங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை கடைக்குள்ளேயே நிற்பவர்கள். எத்தனையோ முறை அந்தக் கடைகளில் சட்டை எடுத்திருக்கிறேன், என் மண்டையில் இது உதித்ததா? எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவர் மேடம். அவர் நல்லவர், வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். ஸ்லைடுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு ஏம்பா இது தோணல?"

அம்மாவும் கட்சி மாறினாள்

ஒருநாள் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சென்னை லேபில் ஒரே ஒரு பிஎச்.டி. இடம் வந்திருக்கிறது. ஆளுக்கொரு ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுங்கள், குழு வந்து கேள்வி கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் என்றார். இந்த ஆராய்ச்சி முடிந்தால் என் வேலையும் முடிந்தது. பழைய டியூஷன் சென்டருக்குப் போய் மறுபடியும் பத்தாம் வகுப்புக்குத் தவளையின் இதயம் வரைய வேண்டியதுதான். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்றிலிருந்து சுதாவின் ஒவ்வொரு அசைவும் என் கண்ணை உறுத்தியது. எண்ண வேண்டிய ஸ்லைடுகள் குவிந்து கிடக்கும்போது நான் ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்கு வருவேன். அவள் வர மாட்டாள். போனும் எடுக்க மாட்டாள். திங்கட்கிழமை கண் சிவக்க வந்து நிற்பாள். கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து விழுந்து படிக்கிறாள் என்று புரிந்துவிட்டது. நானும் படித்தேன். என் கண் சிவக்கவில்லை, தூக்கம்தான் வந்தது. ஒரு திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் பக்கம் வேலை இருந்ததால் மதியச் சாப்பாட்டுக்கு அவளையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். களியும் கீரைக் குழம்பும். அவள் தட்டில் மட்டும் அவித்த முட்டை. அவள் கை கழுவப் போனதும் அம்மா என்னிடம் குசுகுசுத்தாள்: "அந்தப் பொண்ணு கண்ணப் பாத்தியாடா, எப்பிடி செவந்து கெடக்குது? நீயும் இருக்கறயே, பொஸ்தகத்தத் தொறந்தாலே கொறட்ட."

நல்ல ஸ்லைடு

சாயம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் எங்கள் இருவர் கன்னத்திலிருந்தும் ஒரு ஸ்லைடு எடுத்து மற்றவற்றோடு சேர்த்துவிடுவது எங்கள் லேப் வழக்கம். பிறகு மேடம் எல்லா ஸ்லைடிலும் பெயர் மேல் ஒரு எண்ணை ஒட்டி மறைத்துவிடுவார். யாருடையது என்று தெரிந்தால் எண்ணுகிறவன் கண் ஏமாற்றும் அல்லவா?

அன்று சுதா வெளியூர் வேலையில் இருந்தாள். நான் தனியாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்லைடில் குட்டிகள் வர ஆரம்பித்தன. நகர்த்தினால் இன்னொன்று. இன்னும் நகர்த்தினால் ஒரே செல்லில் இரண்டு. இவ்வளவு மோசமான ஸ்லைடை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மோசம் என்று எழுதுகிறேன், ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம். என் ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார், அதுவும் சுதா கண்ணில் படாமல்! ஓடிப்போய் மேடத்தைக் கூட்டி வந்தேன். "வருஷக் கணக்கா மருந்தடிக்கற ஆளாத்தான் இருக்கணும் மேடம். மூக்கு வாயெல்லாம் மூடாம அடிக்கறவரு. இவரைப் பத்தித்தான் நான் எழுதப் போறேன்" என்றேன். மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்லைடை எடுத்து, ஒட்டியிருந்த எண்ணை நகத்தால் உரித்தார். அடியில் பென்சிலில் 'சுதா' என்று இருந்தது.

சாயங்காலம் அவள் வந்ததும் மேடம் உட்கார வைத்துக் கேட்டார். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லையாம். அவர்கள் தோட்டத்துச் செண்டுமல்லிப் பூவுக்கு வாரம் தவறாமல் மருந்து போக வேண்டுமாம். சில மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தெளிப்பான் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவள்தான் அடிக்கிறாள். அந்தச் சிவந்த கண்களை நான் படிப்புக் கணக்கில் அல்லவா வைத்திருந்தேன்! ஊர் ஊராகப் போய் முகத்தைத் துணியால் கட்டுங்கள் என்று சொல்கிறவர்களே நாங்கள் இருவர்தான். "நீயாவது கட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "கட்டுனங்ணா, ரெண்டு வாரம். வேர்வையில மூச்சே உட முடியல. அப்பறம் வூட்லயே வெச்சிட்டுப் போயிட்டங்ணா."

என் கன்னம்

அன்று பைக்கில் வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பயமாக இருந்தது. அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பெண். ஏதாவது ஆகிவிட்டால்? வாய்க்குள் இருக்கும் செல்கள் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாக வரும், மருந்தை நிறுத்தினால் குட்டிகள் குறைய வாய்ப்பு உண்டு என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு போனேன். நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கி, பழைய நோய் மறுபடியும் தலைதூக்கியது. இனி அவள் இதைத்தானே எழுதுவாள்?

இதைத்தான் எழுதினாள். மருந்தடிப்பதை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு ஸ்லைடு, நிறுத்திச் சில வாரம் கழித்து ஒரு ஸ்லைடு. குழு வந்தது. முதலில் நான் போய்த் தக்காளிக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசத்தை வியர்க்க வியர்க்க விளக்கினேன். பிறகு அவள் போனாள். "இதுக்கு யாருங்க ஒத்துக்குவாங்க?" என்று ஒருவர் கேட்டாராம். "மொத ஆளு நானேங்க" என்றாளாம். அதற்கு மேல் யார் என்ன கேட்பது? இடம் அவளுக்குப் போனது. நாமும் நாலு ஞாயிற்றுக்கிழமை மருந்தடித்துப் பார்த்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பொறாமை முற்றினால் புத்தி அந்த அளவுக்குப் போகும், ஜாக்கிரதை.

அவள் மருந்தடிப்பதை நிறுத்திய சில வாரம் கழித்து, அவளுடைய இரண்டாவது ஸ்லைடும் எண்ணுக்குள் ஒளிந்து என்னிடமே வந்தது. நான் எண்ணி முடித்த பிறகுதான் மேடம் எண்ணை உரித்தார். குட்டிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. எனக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள், இப்போது அவளிடம் முன்னும் இருக்கிறது பின்னும் இருக்கிறது, பாதி ஆராய்ச்சி முடிந்தே விட்டது என்ற எரிச்சலும் வந்து சேர்ந்தது. அவள் தோட்டத்துக்கு இப்போது எப்படியோ ஒரு கூலி ஆள் கிடைத்து மருந்தடிக்கிறார். அவர் கன்னத்திலிருந்தும் ஸ்லைடு எடுத்துவிட்டு, முகத்துக்குத் துணியையும் அவளே கட்டிவிட்டாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

என்னை மேடம் கைவிடவில்லை. சுதாவின் ஆராய்ச்சிக்குக் களப்பணி உதவியாளராக என் வேலையை நீட்டித்தார். சென்னைக்குப் போகும் முன்பு சுதா பிரஷ்ஷும் ஸ்லைடுமாக என் மேஜைக்கு வந்தாள். நான் வயல் பக்கமே போகாமல் வளர்ந்தவன். அப்பா கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர், வீட்டில் துளசிச் செடி கூட அம்மாதான் பார்த்துக்கொண்டாள். என் ஸ்லைடுகளை எல்லாம் அவள் பார்த்து வைத்திருக்கிறாள். "அண்ணா, இத்தன பேத்துல உங்க கன்னந்தாங்ணா ரொம்ப சுத்தம். கொப்புளிச்சிட்டு வாங்க, என் மொத கன்ட்ரோல் நீங்கதான்."

ஆக, ஊரார் வாயையெல்லாம் கெஞ்சித் திறக்க வைத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் 'பாதிப்பு ஏதும் இல்லாதவர்' என்பதுதான், அதுவும் அவள் ஆராய்ச்சியில், அதுவும் பொய்: பொறாமை எந்த ஸ்லைடில் தெரியும்?