யூனிபார்ம் காயப்போட இடமில்லை

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் யூனிபார்மை எத்தனை முறை அலசினாலும் அந்த நெடி போகாது. ஈரத்தோடு வீட்டுக்குள் போட்டால் இன்னும் மோசம். எங்கள் பெண்ணுக்கு ஆறு வயது, வீசிங் இருக்கிறது. அந்தத் துணி உள்ளே காய்ந்தால் அன்றைக்கே அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் வெளியேதான் போட வேண்டும். இதைப் போய் ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மீஞ்சூரில் இந்த அபார்ட்மென்டுக்கு வாடகைக்கு வந்த முதல் வாரமே சங்கத்துச் செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் விதிகளை அனுப்பினார். பால்கனியில் துணி தொங்கக் கூடாது, கட்டடத்தின் அழகு கெடும். மொட்டை மாடி ஓனர்களுக்கு மட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், வாடகைக்கு இருப்பவள் துணியே துவைக்கக் கூடாது. எதிரில் இருப்பது லாரி ஷெட். அழகை யார் பார்க்கப் போகிறார்கள்?

மாடிச் சாவி கேட்கப் போனேன். செக்ரட்டரி கேட் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சாவி ஓனருக்குத்தாம்மா. மீட்டிங்ல முடிவு பண்ணியாச்சு."

"எங்கள யாரும் கூப்புடலியே சார்?"

"டெனன்ட்டுக்கு ஓட்டு கெடையாது."

"ஓட்டு யார் கேட்டா? நான் கொடி கேக்கறேன், துணி காயப்போட."

அவர் சிரிக்கவில்லை. கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினேன்.

"அதுல இன்னா எழுதிக்கீது சார்? குடியிருப்போர் நலச் சங்கம். ஊட்ட வாங்கிப் பூட்டிக்கினு போனவங்களக் கூப்புட்டு மீட்டிங் போடறீங்க. குடியிருக்கறது நாங்க. அப்ப சங்கம் யாருது?"

"ரொம்பப் பேசாதம்மா."

ஒரு வாரத்தில் பலகையில் 'குடியிருப்போர்' என்பதை அழித்துவிட்டு 'உரிமையாளர்' என்று எழுதினார்கள். சாவி கொடுப்பதைவிடப் பெயின்ட் அடிப்பது சுலபம் போல.

வேறு வழியில்லாமல் யூனிபார்மை உள்ளேயே தொங்கவிட்டு ஃபேன் போட்டேன். சாயங்காலமே பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவள் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மறுநாள் காலை பால்கனியில் கொடி கட்டி, யூனிபார்மை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டேன்.

வாட்ச்மேன் வந்தார். "செக்ரட்டரி எடுக்கச் சொன்னாரும்மா."

"எடுங்கண்ணே, நான் இன்னா தடுக்கவா போறேன்?"

கிட்டே போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "யம்மா! இத்தப் போட்டுக்கினா நாள் பூரா வேல செய்றாரு?" அவர் தொடாமலே இறங்கிப் போனார்.

பிறகு சங்கம் கடிதம் எழுதியது. எனக்கு இல்லை, வீட்டு ஓனருக்கு. ஓனர் போன் செய்தார்.

"எதுக்கும்மா வம்பு? அட்ஜஸ்ட் பண்ணிக்க. இல்லன்னா வேற ஊடு பாத்துக்க."

"பாத்துக்கினுதான் கீறேன் சார். கெடைக்கற வரிக்கும் துணி அங்கதான் காயும்."

இன்றோடு ஒன்பது நாள். பெண்ணுக்கு ஒரு முறைகூட இழுக்கவில்லை. செக்ரட்டரி தினமும் கீழே நின்று எங்கள் பால்கனியைப் போட்டோ எடுக்கிறார். எடுக்கட்டும்.